பொன்காதுக்காரன் – 14: இல்லாத மணி

"அத்தை, இப்பக்கூடத் திரும்பிடலாம்."

"சிவப்பு விழுந்திருக்கு. திரும்ப முடியாது."

"நான் சிக்னலைச் சொல்லல."

"நானும் சிக்னலைச் சொல்லல."

அடிலெய்டின் அன்லி ரோட்டில் சனிக்கிழமைக் காலை நெரிசல். லினெட் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் கிளெனெல்க் டிராம் ஓட்டிய கை, நின்ற இடத்தில் சும்மா இருக்காது. பக்கத்து சீட்டில் அண்ணன் மகள் பிரையனி ஒரு பழைய இசைத்தட்டை மடியில் வைத்து, பேருந்தில் கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள்.

அண்ணன் ரஸ் போய் மூன்று வருஷமாகிறது. ஸ்பீக்கர் செய்வதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன். பிராஸ்பெக்ட் வீட்டு கராஜில் பெட்டி இழைப்பதும், பாட்டுப் போடுவதும், ஒரு கம்பிச்சுருளைக் கழற்றி இன்னொன்றைப் போட்டு மறுபடி கேட்பதுமாகவே அவன் ஆயுசு முடிந்துவிட்டது. அவனுக்குக் கூட்டாளி நெவில் பாலிட். அப்போது அவன் லினெட்டின் கணவனும்கூட. பிறகு லினெட்டை விட்டுப் போனான், கூட்டாளித்தனத்தை மட்டும் விடவில்லை.

இந்த வருஷம் நெவில் தன் பெயரில் ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்திருக்கிறான். 'பாலிட் சிக்னேச்சர்'. ஜோடி அறுபத்தெட்டாயிரம் டாலர். அடிலெய்டில் பாட்டுப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் அவனைப் பொன்காதுக்காரன் என்பார்கள். பத்திரிகையில் பேட்டி வந்தது. ரஸ்ஸைப் பற்றிக் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் லினெட்டுக்கு மனப்பாடம்.

'ரஸ் நல்ல தச்சர். பெட்டி அவர் கைவேலை. அதுக்குக் குரல் கொடுத்தது என் காது. ரஸ் போனப்புறம் ரெண்டு குளிர்காலம், தினமும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் திருத்தினேன்.'

நல்ல தச்சர்!

"அத்தை, பச்சை."

"தெரியுது."

"தெரிஞ்சா போங்க, பின்னாடி ஆள் திட்டறான்."

போன வாரம் கிளேர் பள்ளத்தாக்குக் கல்யாணத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். லினெட் நெவிலின் இடது பக்கமாகப் போய் நின்று, முகம் நிறையச் சிரிப்போடு, "உன் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும், நெவில்" என்றாள். நெவிலும் சிரித்தான். "நன்றி, லின். உனக்கும் அப்படியே" என்றான். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா பேசுவதற்காகக் கண்ணாடிக் கோப்பையை ஸ்பூனால் தட்டினார். பந்தலே அடங்கியது. நெவில் மட்டும் ஆட்டு ரோமத்தின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். அவன் இரண்டாவது மனைவி சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினான்.

லினெட் அன்றிரவு தூங்கவில்லை. சந்தோஷத்தில்.

"இன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவன் வாயாலயே ஒத்துக்க வைக்கணும். அந்த ஸ்பீக்கர்ல உங்கப்பா பேர் வரணும், அவ்வளவுதான்" என்றாள் லினெட்.

"பேருக்காகவா அத்தை? இல்ல, அவர் தலை குனியறதைப் பாக்கறதுக்காகவா?"

"ரெண்டும் ஒரே டிக்கெட்."

நெவிலின் கடை வந்தது. "பின்பக்கமாப் போய் நிறுத்துங்க. முன்னாடி சனிக்கிழமை இடம் இருக்காது" என்றாள் பிரையனி.

"நீ எப்ப இங்க வந்தே?"

"எல்லாக் கடையும் அப்படித்தானே அத்தை."

பின்பக்கம் இடம் இருந்தது.

*

பாட்டுக் கேட்கும் அறை மாடியில். தரையில் தடித்த கம்பளம், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. இருமினால்கூடச் சத்தம் பாதியில் செத்துவிடும். எதிர்ச்சுவரில் மெல்லிய கறுப்புத் துணி தொங்கியது. அதற்குப் பின்னால் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள், ஒன்று பேர்போன வெளிநாட்டு ஜோடி, மற்றது நெவிலின் சிக்னேச்சர். அறை நடுவில் ஒரே ஒரு தோல் நாற்காலி. வாங்க வந்தவர் உட்காருகிற ராஜா நாற்காலி அதுதான். அன்றைக்கு அதில் பல் டாக்டர் பாந்தெலிஸ் உட்கார்ந்திருந்தார். பாட்டுச் சங்கத்துக்குத் தலைவர். அவர் ஒரு ஜோடி வாங்கினால் சங்கத்தில் இன்னும் நாலு பேர் வாங்குவார்கள். அவருக்குப் பின்னால் சங்கத்து ஆட்கள் ஆறு பேர். மூலையில் டாக்டரின் மனைவி வூலா, பின்னல் ஊசியும் நூலுமாக.

"அடடே, லின்! டிராம் டிப்போ அந்தப் பக்கமாச்சே" என்றான் நெவில்.

"எல்லாரும் வரலாம், இசைத்தட்டுக் கொண்டு வரலாம்னு விளம்பரம் போட்டிருந்தியே. வந்துட்டேன்."

"டாக்டர், இவங்க என் முதல் மனைவி. இருபத்தெட்டு வருஷம் இரும்புச் சக்கரம் கேட்ட காது. இன்னிக்கு நம்மளோட உட்கார்ந்து இசை கேக்கப்போகுது!"

ஆறு பேரும் சிரித்தார்கள். பொன்காது சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

லினெட்டும் சிரித்தாள். "சக்கரம் தேஞ்சு ஒரு இடம் தட்டையாப் போனா சீட்டுல இருந்தபடியே சொல்லுவேன் டாக்டர். எந்தப் பக்கத்துச் சக்கரம்னும் சொல்லுவேன்."

நெவில் டீ ஊற்றினான். உபசரிப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது. "உங்களுக்குப் பால்? சர்க்கரை எத்தனை?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுக் கொடுத்தான். வூலாவுக்கு லாமிங்டன் கேக் தட்டை நீட்டினான். பிரையனியிடம் வந்து ஒரு கோப்பையைக் கையில் வைத்துவிட்டுப் போனான். பாலில்லாத டீ, எலுமிச்சைத் துண்டு மிதந்தது. பிரையனி குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்தபடி ஜன்னலோரம் போய் நின்றாள்.

லினெட் அதைப் பார்த்தாள். ஆனால் அவள் கவனமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. நெவில் இடது சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான். முன்பெல்லாம் ராஜா நாற்காலிக்கு நேர் பின்னால் நிற்பவன். இப்போது அறையிலுள்ள அத்தனை பேரும் அவனுக்கு வலது பக்கம், இடது காதுக்குச் சுவர் மட்டும்தான்.

'அட திருட்டுப் பயலே' என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன தட்டு கொண்டு வந்திருக்கே, காட்டு" என்றான் நெவில்.

பிரையனி கொடுத்தாள். உறையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "டனுண்டா தேவாலயத் தட்டு! நூறே நூறுதான் போட்டாங்க. என்னோடது தேஞ்சே போச்சு. டாக்டர், உங்களுக்கு இதுல மூணாவது அடி ஞாபகம் இருக்கா?"

"மணி" என்றார் டாக்டர் பக்தியோடு.

"மணி! எல்லாரும் பாடி ஓயும்போது, இடது பக்கம், தூரத்துல, ஒரு சின்ன வெண்கல மணி. மூணு தடவை. நல்ல ஸ்பீக்கரா இல்லையான்னு அந்த மணி சொல்லிடும்."

அந்தத் தட்டைப் பதிவு செய்தவன் ரஸ். அந்த மணியை அடித்தவள் லினெட், இருபத்துநாலு வயதில். பாட வராதென்று அவள் கையில் மணியைக் கொடுத்திருந்தார்கள். நெவில் இரண்டையும் சொல்லவில்லை.

"திரையை மூடியே வைப்போம். எது எந்த ஜோடின்னு எனக்கும் தெரிய வேண்டாம். மணி விழட்டும், என்னுது எதுன்னு நான் சொல்றேன்" என்றான். "ஆனா பின்னாடி போய் ஒயர் மாத்த ஒரு ஆள் வேணுமே."

"நான் மாத்தறேன்" என்றாள் லினெட்.

நெவில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டிருக்கலாம். ஆனால் ஏளனம் முந்திக்கொண்டது.

"அதுவும் சரிதான். நம்ம வீட்டுல உனக்கு இருந்த வேலையே அதானே? சிவப்பு சிவப்போட, கறுப்பு கறுப்போட. அதுக்குக் காது தேவையில்ல."

ஆறு பேரும் மறுபடி சிரித்தார்கள். வூலா மட்டும் பின்னலிலிருந்து தலையைத் தூக்கி, லினெட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

*

முதலில் வெளிநாட்டு ஜோடியை இணைத்தாள். பாட்டு ஓடியது. மணி மூன்று தடவை, இடது பக்கம், பனித்துளி மாதிரி. துணிக்குப் பின்னால் நின்று கேட்டபோது லினெட்டுக்கு அந்தத் தேவாலயத்துக் குளிர் முழங்காலில் ஏறியது.

"அருமை" என்றான் நெவில் வெளியே. "அருமை. ஆனா என்னுது இல்ல. மாத்து லின்!"

ஆம்ப்ளிஃபையரை அணைக்கும் சத்தம் கேட்டது. லினெட் சிக்னேச்சருக்குப் பின்னால் மண்டியிட்டாள்.

ரஸ்ஸின் பெட்டி. மூலையில் மரத்தை எப்படி வளைப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? முதுகில் நாலு திருகு. மேலே இரண்டும் கீச்சுக்குரலுக்கு, கீழே இரண்டும் அடிக்குரலுக்கு. மேல் திருகையும் கீழ்த் திருகையும் சேர்க்க, விரல் நீளத்தில் தங்க முலாம் பூசிய தகடுகள். தகட்டை எடுத்துவிட்டால் மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கருக்கு மின்சாரமே போகாது. பெட்டி பாதி ஊமை. ரஸ் ஒரு தடவை அதை மாட்ட மறந்துவிட்டு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான். அண்ணனும் தங்கையும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு.

லினெட் வலது பெட்டியை ஒழுங்காக இணைத்தாள். இடது பெட்டியில் இரண்டு திருகைத் தளர்த்தினாள். தகடு வழுக்கிக்கொண்டு கையில் வந்தது. கோட்டுப் பையில் போட்டாள்.

நல்ல தச்சர், நல்ல தச்சர் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே திருகை இறுக்கினாள்.

"ஆச்சா? இத்தனை நேரமா?"

"வயசாச்சு நெவில். ஆச்சு."

பாட்டு தொடங்கியது. முதல் அடி. இரண்டாவது அடி. வலது பக்கப் பெண்கள் தெளிவாகப் பாடினார்கள். இடது பக்க ஆண்கள் போர்வைக்குள்ளிருந்து பாடினார்கள். துணியின் இழை வழியாக லினெட் வெளியே பார்த்தாள். டாக்டர் பாந்தெலிஸ் நாற்காலியில் நெளிந்தார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். ஆறு பேரில் ஒருவர் காதை நோண்டினார். ஆனால் எல்லோருடைய கண்ணும் நெவில் மேல்தான். நெவில் கண்மூடி நின்றான், முகத்தில் பரவசம்.

மூன்றாவது அடி முடிந்தது. பாடி ஓய்ந்தார்கள்.

ஒன்றும் இல்லை.

"இதோ!" என்றான் நெவில், விரலை உயர்த்தி. "ஒண்ணு... ரெண்டு... மூணு. கேட்டீங்களா? அந்த வெண்கலம் அதிர்ந்து அடங்கறதைக் கேட்டீங்களா? இது என்னுது! இந்த மணிக்காகத்தான் ரெண்டு குளிர்காலம் உட்கார்ந்தேன்."

முன்னால் நின்ற ஒருவர் மெதுவாகத் தலையாட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு ஆறு பேரும் ஆட்டினார்கள். பொன்காதுக்குக் கேட்டது தன் காதுக்குக் கேட்கவில்லை என்றால் கோளாறு யாரிடம் என்று எந்த ஆம்பிளையும் வாயைத் திறந்து கேட்க மாட்டான். டாக்டர்கூட, "ம்ம்... ரொம்ப நுட்பமா..." என்று இழுத்தார்.

"என்ன மணி?" என்றாள் வூலா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்கு உங்க சங்கீதமெல்லாம் தெரியாதுப்பா. ஆனா முதல்ல போட்டதுல மணி அடிச்சுது, நானே கேட்டேன். இதுல எங்க அடிச்சுது? இடது பக்கம் யாரோ ஜலதோஷம் பிடிச்சு மூக்கால பாடற மாதிரில்ல இருக்கு?"

"வூலா, சும்மா இரு" என்றார் டாக்டர்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? அறுபத்தெட்டாயிரம் சும்மாவா இருக்கு? உங்களுக்குக் கேட்டுதா? என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "கேக்கல" என்றார்.

"எனக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கும்தான்" என்றது இன்னொன்று.

நெவில் ஒரே தாவலில் திரையை விலக்கினான். முதுகுப் பக்கம் குனிந்தவன் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "தகடு எங்க? இவ கழட்டியிருக்கா! டாக்டர், பாருங்க, இவ வேணும்னே என் ஸ்பீக்கரைக் கெடுத்திருக்கா. இதுக்குத்தான் வந்தியா, வெக்கம் கெட்டவளே?"

லினெட் நிதானமாக வெளியே வந்தாள். தகட்டை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"ஆமா. கழட்டினது நான்தான். இல்லாத மணியைக் கேட்டது நீ."

பஞ்சுச் சுவர் வைத்த அறை. அந்தச் சொல் எங்கேயும் மோதித் திரும்பவில்லை. அப்படியே நின்றது.

டாக்டர் எழுந்தார். நெவிலின் இடது பக்கமாகப் போய், நோயாளியிடம் கேட்கிற குரலில், "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார்.

நெவில் லினெட்டையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"நெவில்? எத்தனை நாளா?"

பதில் இல்லை. ஆறு பேரும் பார்த்தார்கள். டாக்டர் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து அதையே கேட்டார். நெவிலின் தோள் தளர்ந்தது.

"இடது... ஆறு வருஷம். வலதுல மேல் சத்தம் மட்டும்தான் போச்சு. அது ஒரு நாலு வருஷம்."

"அப்ப ரெண்டு குளிர்காலம் உட்கார்ந்து எதைக் கேட்டீங்க?"

"டாக்டர், அனுபவம்னு ஒண்ணு இருக்கு..."

"அவர் கேக்கல, டாக்டர்" என்றாள் லினெட். "கேட்டவன் பிராஸ்பெக்ட் கராஜ்ல இருந்தான். என் அண்ணன். நல்ல தச்சர்."

டாக்டர் கோட்டை எடுத்துக்கொண்டார். "இன்னிக்கு நான் எதுவும் வாங்கறதா இல்ல. சங்கத்துக் கடிதத்துல என்ன எழுதறதுன்னு யோசிக்கணும். வா, வூலா." வூலா போகிற போக்கில் லினெட்டின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மிச்சமிருந்த லாமிங்டனைக் காகிதக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போனாள். மற்றவர்களுக்குத் திடீரென்று ஃபுட்பால் மேட்ச் ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் அறையில் மூன்று பேர்தான் மிச்சம்.

லினெட் ராஜா நாற்காலியில் உட்கார்ந்தாள். தோல் இன்னும் சூடாக இருந்தது. முப்பது வருஷத்தில் அவளை ஒருவரும் அதில் உட்காரச் சொன்னதில்லை.

"பேரை மாத்து, நெவில். முன்பக்கப் பேர்ப்பலகையில ரஸ்ஸெல் ஹார்விச்னு வரணும். பத்திரிகைக்கும் நீயே எழுதிப் போடு. இல்லேன்னா நீ மணி கேட்ட கதையை நான் ஒவ்வொரு ஊரா போய்ச் சொல்லுவேன். மெல்போர்ன், சிட்னி, எல்லா இடத்துக்கும். எனக்கு ரயில்ல பாஸ் இருக்கு."

நெவில் டீ மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வயதானவனாகத் தெரிந்தான். இந்த முகத்தைப் பார்ப்பதற்குத்தான் லினெட் காத்திருந்தாள். பார்த்தாள். நன்றாகவே இருந்தது.

"திருடிட்டேன்னுதானே எல்லார் முன்னாடியும் ஆக்கிட்டே" என்றான் அவன். "காது விஷயத்துல பொய் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா யோசிச்சுப் பாரு லின். ரஸ் கராஜைப் பூட்டித்தான் வச்சிருந்தான். எனக்கு என்னிக்குமே அவன் சாவி கொடுத்ததில்ல. அந்த ஸ்பீக்கரோட வரைபடங்கள் நடந்து வந்துச்சா இங்க?"

"அதை நீ சொல்லணும்."

"நான் ஏன் சொல்லணும்? கொண்டுவந்து கொடுத்தவங்க இங்கதானே நிக்கறாங்க."

லினெட் திரும்பினாள்.

ஜன்னலோரத்தில் பிரையனி. கையில் ஆறிப்போன டீ. பால் இல்லை, ஒரு துண்டு எலுமிச்சை. ரஸ் வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் குடிக்கிற டீ. அறையில் எல்லோரையும் கேட்டுக் கேட்டு ஊற்றியவன், இவளை மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

"எத்தனை தடவை வந்தே இங்க?" என்றாள் லினெட்.

பிரையனி கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கம்பளத்தின் மேல் சத்தமில்லாமல் நடந்து வந்தாள். நெவிலின் இடது பக்கமாக, அவனுக்கு அரையடி தூரத்தில் வந்து நின்றுகொண்டு, அத்தையை நேராகப் பார்த்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்பா சொல்லித்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் உயிரோட இருக்கும்போதே. தான் கொடுத்ததுன்னு இவருக்குத் தெரியக் கூடாதுன்னாரு. நானா திருடிக் கொடுத்த மாதிரியே கொடுக்கச் சொன்னாரு."

நெவில் எதிர்ச் சுவரைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

லினெட் கையை மூடினாள். தகட்டின் விளிம்பு உள்ளங்கையில் ஏறியது. அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.